யாருக்கு எந்த வேலை? வழி சொன்ன ஹங்கேரிப் பேராசிரியர்கள்

காலை மணி பத்து. ஓர் ஆபீசு. மூன்று குமாஸ்தாக்கள். முடிக்க வேண்டிய வேலைகளும் மூன்று: தபால் பதிவு, சம்பளப் பட்டியல், பேரேடு சரிபார்ப்பு. ஆளுக்கு ஒரு வேலை. யாரிடம் எதைக் கொடுப்பது?

ஹெட் கிளார்க் நாள்தோறும் செய்கிற காரியம்தான் இது. ஆனால் இதைத் தவறில்லாமல் செய்ய ஒரு நிச்சயமான வழி உண்டா என்ற கேள்வி, பெரிய பெரிய கணித மேதைகளையே திணற வைத்த கேள்வி.

அந்த வழிக்கு உலகம் முழுவதும் இன்று வழங்கும் பெயர் 'ஹங்கேரிய முறை'. அதைக் கட்டுரையாக்கி உலகுக்குத் தந்தவர் ஹங்கேரிக்காரர் அல்லர், ஓர் அமெரிக்கர். அப்படியிருந்தும் அதற்கு ஹங்கேரியின் பெயர் ஏன் வந்தது? அதில் ஒரு சோகக் கதையும் இருக்கிறது. ஒரு நேர்மையான மனிதரின் கதையும் இருக்கிறது.

கெட்டிக்காரரிடம் கொடுத்தால் போதாதா?

முதலில் அந்த மூன்று குமாஸ்தாக்களையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரம் நிமிடக் கணக்கில் இது:

மூத்தவர் – தபால் 20, சம்பளப் பட்டியல் 40, பேரேடு 50.

இரண்டாமவர் – தபால் 30, சம்பளப் பட்டியல் 60, பேரேடு 90.

புதியவர் – தபால் 40, சம்பளப் பட்டியல் 50, பேரேடு 70.

யாருக்கும் முதலில் தோன்றுவது என்ன? மிகக் குறைந்த நேரம் 20. ஆகவே தபாலை மூத்தவரிடம் கொடு. மிஞ்சியதில் குறைந்தது 50. சம்பளப் பட்டியலைப் புதியவரிடம் கொடு. பாக்கி பேரேடு, அது இரண்டாமவர் தலையில் விழும், 90 நிமிடம். மொத்தம் 160 நிமிடம்.

இதையே வேறு விதமாகக் கொடுத்துப் பாருங்கள். தபால் இரண்டாமவருக்கு, 30. பேரேடு மூத்தவருக்கு, 50. சம்பளப் பட்டியல் புதியவருக்கு, 50. மொத்தம் 130 நிமிடந்தான். அரை மணி நேரம் மிச்சம்!

தபால் வேலையில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர் மூத்தவர்தான். இருந்தும் தபால் அவரிடம் போகக் கூடாது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தால் இது தெரியாது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று பேர் என்றால் வேலையைப் பிரிக்க ஆறு விதங்கள் உண்டு. ஆறையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிடலாம். பத்துப் பேர், பத்து வேலை என்றால் 36,28,800 விதங்கள். பன்னிரண்டு பேர் என்றால் 47,90,01,600 விதங்கள். நொடிக்கு ஒன்றாக, இரவு பகல் ஓயாமல் பார்த்தாலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றுவிடுவார்!

எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று எண்ணுகிற கணிதத்தைக் 'காம்பினடோரிக்ஸ்' என்கிறார்கள். அத்தனை விதங்களில் ஆகச் சிறந்ததைத் தேடி எடுக்கும் கணிதம் 'ஆப்டிமைசேஷன்'. இவ்விரண்டுக்குமே தனித் துறை வைத்து நடத்தும் பல்கலைக்கழகம் உண்டு. கனடாவில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1967-ஆம் ஆண்டிலேயே அப்படி ஒரு துறை தொடங்கப்பட்டது. ஆனால் நமது கதை அதற்கும் முன்பு, ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் நகரில் ஒரு கல்லூரி வகுப்பறையில் தொடங்குகிறது.

புள்ளிகளும் கோடுகளும்

புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர் தேனெஷ் கோனிக். 1884-இல் பிறந்தவர். தந்தையாரும் பெயர் பெற்ற கணிதப் பேராசிரியர்.

கோனிக்குக்குப் பிடித்த விஷயம் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். ரயில்வே வரைபடத்தில் நிலையங்கள் புள்ளிகளாகவும் பாதைகள் கோடுகளாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட படங்களைப் பற்றிய கணிதத்துக்கு 'கிராப் தியரி' என்று பெயர். அந்நாளில் பலர் அதை விடுகதை, விளையாட்டுக் கணக்கு என்றுதான் நினைத்தார்கள். கோனிக் அதை ஒரு சாஸ்திரமாகவே நடத்தினார்.

அவருடைய வகுப்புக்கு வெளியிலிருந்தும் இளைஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பால் எர்டோஷ் அவர்களில் ஒருவர். திபோர் கல்லாய் இன்னொருவர். இந்த எர்டோஷ்தான் பிற்காலத்தில் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றியபோது, தமக்குக் கிடைத்த சன்மானத்தைக் கணித மேதை ராமானுஜனின் மனைவியாரிடம் சேர்ப்பித்தவர்.

கோனிக் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். 1930-இல் வியன்னாவிலிருந்து கார்ல் மெங்கர் என்ற கணித அறிஞர் புடாபெஸ்டுக்கு வந்தார். தாம் கண்டுபிடித்திருந்த ஒரு தேற்றத்தைக் கோனிக்கிடம் சொன்னார். கோனிக் நம்பவில்லை. அது தவறு என்று காட்ட ஓர் உதாரணம் தேடிப் பிடிக்கிறேன் என்று போனவர், இரவு முழுவதும் முயன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் மெங்கரைப் பார்த்தபோது, தூக்கமே இல்லை என்று சொல்லி, நிரூபணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எழுதி முடிக்கும் நிலையில் இருந்த தமது புத்தகத்தில் கடைசிப் பகுதியாக அதைச் சேர்த்தார்.

ஆராய்ச்சிக் கூட்டம் என்றால் இதுதான். சொன்னவர் யார் என்று பார்ப்பதில்லை. சொன்னது நிற்குமா என்று முட்டி மோதிப் பார்ப்பார்கள். நின்றுவிட்டால், சொன்னவர் பெயரோடு ஏற்றுக்கொள்வார்கள்.

கோனிக்கின் அந்தப் புத்தகம் 1936-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. கிராப் தியரியைப் பற்றி உலகில் வந்த முதல் பாடநூல் அதுவே.

1931: இரண்டு கட்டுரைகள்

1931 மார்ச் மாதம் புடாபெஸ்டில் கூடிய கணித, பௌதிக சங்கக் கூட்டத்தில் கோனிக் ஒரு தேற்றத்தை எடுத்துரைத்தார்.

கட்டம் போட்ட காகிதத்தில் அங்கங்கே பூஜ்யம் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையிலோ, மேலிருந்து கீழாக ஒரே பத்தியிலோ இரண்டு வராதபடி பூஜ்யங்களைப் பொறுக்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை பொறுக்க முடியுமோ, சரியாக அத்தனை கோடுகள் போதும், எல்லாப் பூஜ்யங்களையும் அடித்துவிட. கோடு என்றால் ஒரு முழு வரிசை அல்லது ஒரு முழுப் பத்தி. இதுதான் அவர் சொன்னது.

அதே ஆண்டு யெனோ எகர்வாரி என்ற இன்னொரு கணித ஆசிரியர் இதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். அவர் 1891-இல் தெப்ரெத்சென் என்ற ஊரில் பிறந்தவர். வெறும் பூஜ்யம் உண்டு, இல்லை என்று பார்ப்பதோடு நிற்காமல், கட்டங்களில் எந்த எண் இருந்தாலும் செல்லும்படி தேற்றத்தை விரித்தார். நமது ஹெட் கிளார்க்கின் கேள்விக்கு விடை இதில் அடங்கிவிட்டது.

இருவர் கட்டுரைகளும் ஒரே பத்திரிகையின் ஒரே தொகுதியில், ஹங்கேரிய மொழியில் அச்சாயின. எகர்வாரியின் கட்டுரை பதின்மூன்றே பக்கம். இன்றைக்கும் அந்நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடிதான். அண்டை நாட்டாருக்குக்கூட அந்த மொழி புரியாது. கட்டுரை வெளியுலகின் கண்ணில் படாமல் கிடந்தது. அதற்கு வெளியே இருந்த ஒரு வழிகாட்டி, கோனிக் தமது ஜெர்மன் புத்தகத்தில் எழுதி வைத்த ஓர் அடிக்குறிப்பு.

பென்சிலோடு உட்காருங்கள்

எகர்வாரி காட்டிய வழியைத் துண்டுக் காகிதத்தில் யாரும் செய்து பார்க்கலாம்.

முதலில், ஒவ்வொருவர் வரிசையிலும் மிகச் சிறிய எண்ணை அந்த வரிசை முழுவதிலும் கழிக்க வேண்டும். மூத்தவருக்கு 20, இரண்டாமவருக்கு 30, புதியவருக்கு 40. மிஞ்சுவது: மூத்தவர் 0, 20, 30, இரண்டாமவர் 0, 30, 60, புதியவர் 0, 10, 30.

அடுத்து, வேலைவாரியாக மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். தபால் பத்தியில் பூஜ்யம் இருப்பதால் கழிக்க ஒன்றுமில்லை. சம்பளப் பட்டியலில் மிகச் சிறியது 10, பேரேட்டில் 30. அவற்றையும் கழித்தால்: மூத்தவர் 0, 10, 0, இரண்டாமவர் 0, 20, 30, புதியவர் 0, 0, 0.

இப்போது பூஜ்யங்களைப் பாருங்கள். இரண்டாமவருக்கு ஒரே பூஜ்யம், அது தபாலில். ஆகவே தபால் அவருக்கு. தபால் போன பிறகு மூத்தவருக்கு மிஞ்சும் பூஜ்யம் பேரேடு. புதியவருக்குச் சம்பளப் பட்டியல். வேலை பிரிந்துவிட்டது.

இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? கழித்த எண்களைக் கூட்டுங்கள்: 20, 30, 40, 10, 30. மொத்தம் 130. ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்தே ஆக வேண்டும்; ஒவ்வொரு வேலையும் ஒருவரிடம் போயே ஆக வேண்டும். எப்படிப் பிரித்தாலும் இந்த 130 நிமிடத்திலிருந்து தப்ப முடியாது. நமது ஏற்பாட்டின் மொத்தமும் அதே 130. ஆகவே இதற்குக் கீழே போக வழியில்லை. மற்ற விதங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

சில கணக்குகளில் இவ்வளவு சுலபமாகப் பூஜ்யங்கள் அமையா. அப்போது கோனிக்கின் கோடுகள் கைகொடுக்கும். எல்லாப் பூஜ்யங்களையும் மிகக் குறைந்த கோடுகளால் அடிக்க வேண்டும். கோடு படாத எண்களில் சிறியதை எடுத்து, கோடு படாத இடங்களில் எல்லாம் கழித்து, இரண்டு கோடு வெட்டும் இடங்களில் கூட்ட வேண்டும். புதிய பூஜ்யம் பிறக்கும். ஆட்களின் எண்ணிக்கையும் கோடுகளின் எண்ணிக்கையும் சமமாகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தால் விடை வந்துவிடும்.

இருண்ட நாட்கள்

கோனிக்கின் வகுப்பு நடந்த காலம் நல்ல காலம் அல்ல. யூதர்கள் பல்கலைக்கழகங்களில் சேருவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1920-லேயே ஹங்கேரியில் வந்துவிட்டது. எர்டோஷும் அவர் நண்பர்களும் யூத இளைஞர்கள். படித்து முடித்தாலும் வேலை கிடைப்பது அரிது.

அவர்கள் நகரப் பூங்காவில் ஒரு சிலையடியில் கூடிக் கணக்குப் பேசுவார்கள். அது பழங்காலச் சரித்திர ஆசிரியர் ஒருவரின் சிலை. அவருடைய சொந்தப் பெயர் இன்னதென்று தெரியாததால் 'பெயரற்றவர்' என்றே அவரை அழைக்கிறார்கள்.

1944-இல் ஜெர்மன் படைகள் ஹங்கேரிக்குள் புகுந்தன. அந்த நண்பர் குழுவைச் சேர்ந்த பால் துரான் கட்டாய உழைப்பு முகாமில் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்தார். சூளைகளிலிருந்து கிடங்குகளுக்குச் சிறு தண்டவாளங்களில் செங்கல் வண்டிகளைத் தள்ள வேண்டும். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் வண்டி குதிக்கும், கற்கள் சிதறும். இந்த வெட்டுகளை எவ்வளவு குறைக்கலாம் என்று அந்த நிலையிலும் அவர் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

துரான் பிழைத்தார். கோனிக் பிழைக்கவில்லை. அவர் பிறப்பால் யூதர். துன்பத்தில் இருந்த சக கணித ஆசிரியர்களுக்கு உதவி வந்தவர். 1944 அக்டோபர் 15-ஆம் தேதி 'அம்புச் சிலுவை' என்ற நாஜிக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. நான்கே நாளில், அக்டோபர் 19-ஆம் தேதி, அவர்கள் கையில் அகப்படுவதைவிட மேல் என்று கோனிக் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 60.

அகராதியோடு இரண்டு வாரம்

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1953-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஹரால்டு குன் என்ற 28 வயதுக் கணித ஆசிரியர், ஆளுக்கு வேலை பிரிக்கும் இந்தக் கணக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்நாளைய மின்னணுக் கம்ப்யூட்டர்களுக்கே அது எளிதில் பிடிபடவில்லை.

கோடையில் கோனிக்கின் ஜெர்மன் புத்தகம் அவர் கைக்கு வந்தது. அதில் அந்த அடிக்குறிப்பைப் பார்த்தார். எகர்வாரி என்று ஒருவர். ஹங்கேரிய மொழியில் ஒரு கட்டுரை. பெரும்பாலானவர்கள் அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடுவார்கள். குன் போகவில்லை.

அவர் வேலை பார்த்தது பென்சில்வேனியா மாநிலத்தில் பிரின் மார் கல்லூரியில். பக்கத்தில் இருந்த ஹேவர்போர்டு கல்லூரி நூலகத்தில் ஓர் ஹங்கேரிய இலக்கணத்தையும் பெரிய அகராதியையும் இரவல் வாங்கினார். சொல் சொல்லாகப் புரட்டி, இரண்டு வாரத்தில் அந்தப் பதின்மூன்று பக்கங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தாம் தேடிய சாவி அதற்குள் இருந்தது.

கோனிக் சொன்னதையும் எகர்வாரி சொன்னதையும் பொருத்தி, படிப்படியாகச் செய்யும் ஒரே முறையாக ஆக்கினார். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வேலை, மூன்று இலக்க எண்கள். இப்படிச் சில கணக்குகளைப் பென்சிலாலேயே போட்டார். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. நொடிக்கு ஒன்றாகப் பார்த்தால் பதினைந்து ஆண்டுகள் என்று மேலே சொன்னோமே, அதே கணக்குத்தான்!

1955-இல் கட்டுரை வெளியாயிற்று. முறைக்குத் தம் பெயரை அவர் வைத்துக்கொண்டிருக்கலாம், கேட்பார் இல்லை. ஆனால் குன் கட்டுரையின் தலைப்பிலேயே 'ஹங்கேரிய முறை' என்று போட்டார். எகர்வாரியின் கட்டுரையைத் தாம் செய்த மொழிபெயர்ப்பையும் தனியே வெளியிட்டார்.

அப்போது எகர்வாரி புடாபெஸ்டில் உயிரோடு இருந்தார். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்; நாட்டின் உயர்ந்த பரிசான கொசுத் பரிசை இருமுறை பெற்றவர். ஆனால் அவர் முடிவும் நல்லபடியாக இல்லை. கம்யூனிஸ்டு ஆட்சியின் அதிகாரிகள் கொடுத்த தொல்லை தாங்காமல் 1958-இல் அவரும் தம் உயிரைப் போக்கிக்கொண்டார்.

லத்தீனில் கிடந்த விடை

இன்று புடாபெஸ்டில் உள்ள எவொத்வொஸ் லோராந்து பல்கலைக்கழகத்தில் எகர்வாரியின் பெயராலேயே ஓர் ஆராய்ச்சிக் குழு இயங்குகிறது. காம்பினடோரிக்ஸ், ஆப்டிமைசேஷன் ஆகிய இவைதான் அதன் வேலை. கோனிக்கின் வகுப்பில் நடந்தது போலவே, ஒருவர் கரும்பலகை முன் நின்று சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு அலசுகிறார்கள்.

ஹங்கேரிய முறைக்கு 50 ஆண்டு நிறைந்ததை 2005-இல் புடாபெஸ்டில் விழாவாகக் கொண்டாடினார்கள். எண்பது வயதான குன் நேரில் வந்து கலந்துகொண்டார்.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறு ஆண்டே ஒரு செய்தி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மன் கணித மேதை யாக்கோபி இதே முறையைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்! 1851-இல் அவர் காலமான பிறகு அச்சேறிய கட்டுரைகளில் அது இருந்தது. லத்தீன் மொழியில் இருந்ததாலும், வேறொரு கணக்குக்காக எழுதப்பட்டதாலும் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஐம்பது ஆண்டுகளாகத் தம் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒன்றை இன்னொருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார் என்றால் யாருக்கும் மனம் சுருங்கும். குன் என்ன செய்தார்? யாக்கோபியின் பங்கைத் தாமே எடுத்து எழுதினார். முதலில் கண்டவர் யாக்கோபி, பிறகு கோனிக்கும் எகர்வாரியும், அதன் பிறகே தாம் என்று வரிசைப்படுத்தி முழுக் கதையையும் பதிவு செய்தார். 2014-இல் அவர் காலமானார்.

எந்த ரயிலுக்கு எந்த எஞ்சின், எந்த வாடகைக் காருக்கு எந்தப் பயணி என்று பிரிக்கும் வேலைகள் இன்று கம்ப்யூட்டரிடம் போய்விட்டன. அவற்றுக்கு அடிப்படையாக இருக்கும் முறைகளில் இதுவும் ஒன்று. ஆனால் மூன்று பேர், நான்கு பேர் உள்ள ஆபீசுக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். நாளைக் காலை வேலை பிரிக்கும்போது ஹெட் கிளார்க் ஒரு துண்டுக் காகிதத்தில் கட்டம் போட்டுக் கழித்துப் பார்க்கலாம். அரை மணி நேரம் மிச்சமானால், அதற்காக நன்றி சொல்ல வேண்டியவர்கள் யார் யார் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.